நீல் யங் பாடல்களைத் தரவரிசைப்படுத்துதல்: ரசிகர் குழுவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மயிலாப்பூரில் ஒரு மொட்டை மாடியில் கூடும் எங்கள் ஒன்பது பேர் கொண்ட குழு, ராக் பாடகர் நீல் யங்கின் பாடல்களை இதுவரை மூன்று முறை தரவரிசைப்படுத்தியிருக்கிறது. முதல் முறை ஆளுக்குப் பத்துப் பாடல்களைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தோம். கூட்டிப் பார்த்தபோது முதல் பத்து இடங்களில் ஆறு, 1972-இல் வெளிவந்த 'ஹார்வெஸ்ட்' என்ற ஒரே ஆல்பத்துக்குப் போயிருந்தன. அந்த ஆல்பத்தை நாங்கள் அனைவரும் நேசிக்கிறோம். ஆனாலும் அறுபது ஆண்டு இசைவாழ்வில் பாதிக்கு மேற்பட்ட பெருமை அதற்கு மட்டுமே உரியது என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை. தொண்ணூறுகளில் கல்லூரி விடுதியில் அறைக்கு அறை கைமாறி, உறையின் மடிப்பு கிழிந்து, செலோடேப் ஒட்டப்பட்டு, எங்கள் எல்லோர் காதிலும் விழுந்த கேசட் அது ஒன்றே என்பதுதான் காரணம். அதிகம் பேர் கேட்டிருந்த பாடலைத்தான் சிறந்த பாடல் என்று எழுதிக் கொடுத்திருந்தோம்.

அந்த மாலைக்குப் பிறகு எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று, ரசிகர்களின் தரவரிசைக்கு மதிப்பு வேண்டுமானால் வாக்களிப்பதற்கு முன்பு எல்லோரும் ஒரே பாடல்களை ஒரே அளவு கவனத்தோடு கேட்டிருக்க வேண்டும் என்பது. கேட்பை ஒழுங்குபடுத்துவதே இந்த வேலையில் பெரும்பகுதி. எண்ணிக்கை அதற்கு அடுத்தது. ஆயினும் அதையும் அலட்சியமாகச் செய்யக் கூடாது என்பதைப் பின்னால் ஒரு சிறு கணக்கோடு காட்டுகிறேன்.

1945-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பிறந்த நீல் யங், 1966-இல் பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு குழுவில் தொடங்கி இன்றுவரை எழுதிப் பாடிவருகிறார். ஸ்டூடியோ ஆல்பங்கள் மட்டுமே நாற்பதுக்கு மேல். கிதாரும் மவுத் ஆர்கனும் மட்டும் வைத்துக்கொண்டு தனியாகப் பாடிய பாடல்களை விரும்புகிறவர்கள் ஒரு சாரார். கிரேசி ஹார்ஸ் குழுவோடு மின்கிதாரில் பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று நீளும் பாடல்களுக்காகவே அவரைத் தேடுகிறவர்கள் மற்றொரு சாரார். இவ்விரு சாராரையும் ஒரே பட்டியலுக்கு ஒப்புக்கொள்ள வைக்கும் முறை, பாப் டிலனுக்கோ புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுக்கோ பட்டியல் போடும் குழுவுக்கும் பயன்படும்.

முதற்படி: எது கணக்கில் வரும் என்று முடிவு செய்தல்

எல்லையை முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள். பாதி வழியில் எழும் சண்டைகளில் பெரும்பாலானவை இதைச் செய்யாததால் வருபவை.

முதல் கேள்வி, குழுக்களோடு அவர் பாடியவற்றைச் சேர்ப்பதா என்பது. 1970 மே 4 அன்று அமெரிக்காவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் போராடிய மாணவர்கள் மீது தேசியக் காவற்படையினர் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தனர். பத்திரிகையில் வந்த அந்தச் சம்பவத்தின் படங்களைப் பார்த்துவிட்டு நீல் யங் எழுதிய 'ஓஹையோ' அதே மாதத்திலேயே ஒலிப்பதிவாகி, கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் அண்ட் யங் என்ற நால்வர் குழுவின் பெயரில் வெளிவந்தது. தனி ஆல்பங்கள் மட்டும் என்று விதி வைத்தால் இந்தப் பாடல் வெளியே போய்விடும். அது இல்லாத பட்டியலை நான் ஏற்க மாட்டேன். ஆகவே நாங்கள் வைத்த விதி இது: பாடலை அவர் எழுதியிருக்க வேண்டும், முதன்மைக் குரலும் அவருடையதாக இருக்க வேண்டும், குழுவின் பெயர் எதுவானாலும் சரி. பிறர் எழுதியவற்றை அவர் பாடியிருந்தாலும், அவர் எழுதியவற்றைப் பிறர் பாடியிருந்தாலும் கணக்கில் இல்லை.

இரண்டாவது கேள்வி, பெட்டிக்குள் கிடந்து பிறகு வெளிவந்த பாடல்கள். 1976 ஆகஸ்டில் ஒரே இரவில் தனியாகக் கிதாரோடு உட்கார்ந்து அவர் பதிவு செய்த 'ஹிட்ச்ஹைக்கர்' 2017-இல்தான் ஆல்பமாக வந்தது. 1974, 75-இல் பதிவான 'ஹோம்க்ரோன்' வெளிவர 2020 ஆகிவிட்டது. முறைப்படி வெளியிடப்பட்ட எதுவும் செல்லும், திருட்டுப் பதிவுகள் செல்லாது என்று வகுத்தோம். காலவரிசையில் வைக்கும்போது வெளிவந்த ஆண்டைப் பார்க்காமல் பதிவான ஆண்டைப் பார்ப்பதே நல்லது. அதன் காரணம் மூன்றாம் படியில் விளங்கும்.

இந்த எல்லைக்குள் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றும் பாடல்களை முன்மொழியலாம். இருவராவது முன்மொழிந்தவை நெடும்பட்டியலில் சேரட்டும். அறுபதைத் தாண்ட விடாதீர்கள். அறுபதுக்கு மேல் போனால் ஒருவரும் முழுமையாகக் கேட்பதில்லை என்பதை இரண்டாம் முறையில் கண்டுகொண்டோம். ஒரே ஒருவர் மட்டும் முன்மொழிந்த பாடல்களை அப்படியே தள்ளிவிடாமல், ஆளுக்கு ஒன்று மட்டும் 'தனியுரிமை'யாகச் சேர்த்துக்கொள்ள அனுமதியுங்கள். எங்கள் குழுவில் பலருக்கு 'ஆம்புலன்ஸ் ப்ளூஸ்' அறிமுகமானது அப்படித்தான்.

இரண்டாம் படி: பாடாந்தரத்தைத் தீர்த்துக்கொள்ளுதல்

சென்னை ரசிகர்களுக்குப் பாடாந்தரம் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஒரே கீர்த்தனை இரண்டு குருபரம்பரைகளில் வேறு வேறு சங்கதிகளோடு வரும். எது மூலம் என்று கேட்பதைவிட, யாருடைய பாடாந்தரத்தைச் சொல்கிறீர்கள் என்று கேட்பதே நம் பழக்கம். நீல் யங்கிடம் இதே சிக்கல் வேறு எந்த ராக் பாடகரிடமும் இல்லாத அளவுக்கு இருக்கிறது, ஏனெனில் அவர் தாமே தம் பாடலுக்கு இரண்டு பாடாந்தரங்களை உருவாக்கி, இரண்டையும் ஒரே ஆல்பத்தில் வைத்துவிடுகிறார். 1979-இன் 'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்' தனிக்கிதாரோடு ஒரு பாடலில் தொடங்கி, அதே மெட்டை மின்கிதாரின் இரைச்சலில் நனைத்து முடிகிறது. 1989-இன் 'ஃப்ரீடம்' ஆல்பத்தில் 'ராக்கின் இன் தி ஃப்ரீ வேர்ல்டு' தொடக்கத்திலும் முடிவிலும் இருமுறை வருகிறது. 'டுநைட்ஸ் தி நைட்' ஆல்பமும் அவ்வாறே.

எங்கள் விதி: ஒரு பாடலுக்கு ஓர் அட்டை, எந்தப் பாடாந்தரத்துக்காக அதற்கு இடம் கொடுக்கிறீர்கள் என்பதை அட்டையின் மூலையில் எழுத வேண்டும். வாக்குகள் ஒன்றாகக் கூட்டப்படும், குறிப்புகள் தனியாக வாசிக்கப்படும். தனித்தனி அட்டை கொடுத்தால் ஒரே பாடலின் ஆதரவு இரண்டாகப் பிரிந்து, இரண்டுமே பின்னுக்குப் போய்விடும்.

இந்த மூலைக் குறிப்புகளில்தான் எவ்வளவு செய்தி கிடைக்கிறது! 'லைக் எ ஹரிக்கேன்' 1977-இல் வெளிவந்த, எட்டு நிமிடத்துக்கு மேல் நீளும் மின்கிதார்ப் பாடல். 1993-இன் 'அன்ப்ளக்டு' நிகழ்ச்சியில் அதே பாடலை நீல் யங் காலால் துருத்தியை மிதித்து வாசிக்கும் ஆர்கனில், கிதாரே இல்லாமல் பாடினார். எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் ராக் இசையில் பெரிய நாட்டம் இல்லாதவர், மகனோடு துணைக்கு வருகிறவர். அந்தப் பதிவை ஒலிக்கவிட்டபோது, சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "இது நாடகத்தில் வாசிக்கிற கால் ஆர்மோனியம் ஆயிற்றே" என்றார். அவர் சொன்னது சரியே. நம் இசை நாடக மேடைகளில் திரைக்கருகில் உட்கார்ந்து மிதித்து வாசித்த ஆர்மோனியமும் அந்த ஆர்கனும் ஒரே குடும்பம். உலோக நாக்குகளில் காற்று பட்டு எழும் ஒலி. புயலைப் பெயரில் கொண்ட பாடலில் உண்மையிலேயே காற்று மட்டும் ஒலிக்கிறது. அன்று அவர் அட்டையில் அந்தப் பாடல் இரண்டாம் இடம் பெற்றது. மூலையில் "கால் ஆர்மோனியம்" என்று எழுதியிருந்தார்.

மூன்றாம் படி: ஆறு வாரக் கேட்பு

வாரத்துக்குப் பத்துப் பாடல் வீதம் ஆறு வாரம். ஒவ்வொரு பாடலையும் மூன்று முறை கேட்க வேண்டும். முதல் முறை வரிகளைப் பார்க்காமல், இரண்டாம் முறை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்றாம் முறை இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்பதைத் தவிருங்கள். கிரேசி ஹார்ஸ் பாடல்களில் பேஸ் கிதாரும் டிரம்மும் நிதானமாக, ஒரே நடையில் கீழே நடந்துகொண்டிருப்பதே மேலே கிதார் அலைவதற்கு ஆதாரம். அது கேட்கவில்லையென்றால் அந்தப் பாடல்கள் வெறும் நீளமாகத் தோன்றும்.

பாடல்கள் எல்லோருக்கும் கிடைக்கின்றனவா என்பதைத் தொடக்கத்திலேயே சரிபாருங்கள். நீல் யங் 2022 ஜனவரியில் ஸ்பாட்டிஃபையிலிருந்து தம் பாடல்களை விலக்கிக்கொண்டு, 2024-இல் தான் திரும்பினார். அதற்கு முன்பும் அவருடைய இசைத்தட்டுகள் சில பல்லாண்டு காலம் கிடைக்காமல் இருந்தன. 1974-இல் வந்த 'ஆன் தி பீச்' 2003 வரை சிடியாக வரவேயில்லை. கேசட்டும் சிடியும் மட்டுமே கதியாக இருந்த தலைமுறையைச் சேர்ந்த சென்னை ரசிகர்கள் பலர் அதைக் கேட்காமலேயே தம் விருப்பப் பட்டியலை முடிவு செய்துவிட்டதற்கு இது முக்கியமான காரணம். கிடைக்காத பாடலுக்கு வாக்கு விழாது.

குரலைப் பற்றியும் ஒரு சொல். மெல்லிய, உயர்ந்த, சில இடங்களில் உடைவது போல் நடுங்கும் குரல் அவருடையது. கனமான ஆண்குரலில் பழகிய நம் காதுக்கு முதல் வாரம் அது அந்நியமாக இருக்கும். புதியவர்களிடம் முதல் வாரத்தில் கருத்துக் கேட்காதீர்கள்.

பதிவான ஆண்டுப்படி வாரங்களைப் பிரிப்பதால் ஒரு வாழ்க்கை வரிசையாகக் காதில் விழுகிறது. முதல் வாரம் 1966 முதல் 1970 வரை. இதில் 'எவ்ரிபடி நோஸ் திஸ் இஸ் நோவேர்' ஆல்பத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். 'சின்னமன் கேர்ள்' பாடலின் கிதார்ப் பகுதியில் அவர் ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டுகிறார். ஒவ்வொரு முறையும் அழுத்தம் மட்டும் மாறுகிறது. ஒரு ஸ்வரத்தில் நின்று ரசிகரைப் பிடித்து வைக்கும் கலை நமக்குத் தெரியாததல்ல. இரண்டாம் வாரம் 'ஹார்வெஸ்ட்' காலம். அமெரிக்காவில் அவருக்கு முதலிடம் பெற்றுத் தந்த ஒரே பாடலான 'ஹார்ட் ஆஃப் கோல்டு' இங்கேதான் வருகிறது. எல்லோருக்கும் தெரிந்த பாடல் என்று தாண்டிவிடாமல் அதையும் மூன்று முறை கேளுங்கள்.

மூன்றாம் வாரத்துக்கு அதிக நேரம் கொடுங்கள். கிரேசி ஹார்ஸ் குழுவின் கிதார்க் கலைஞர் டேனி விட்டன் 1972 நவம்பரிலும், நீல் யங்கின் மேடை உதவியாளர் புரூஸ் பெரி அடுத்த ஆண்டிலும் போதைப்பொருளுக்குப் பலியானார்கள். முதலிடப் பாடலுக்குப் பிறகு எல்லோரும் அதே போன்ற இனிமையை எதிர்பார்த்திருக்க, நீல் யங் அந்தத் துக்கத்தை அப்படியே பதிவு செய்தார். 1973-இல் பதிவான 'டுநைட்ஸ் தி நைட்' 1975-இல்தான் வெளிவந்தது; அதற்குள் 'டைம் ஃபேட்ஸ் அவே', 'ஆன் தி பீச்' இரண்டும் வந்துவிட்டன. வெளிவந்த வரிசையில் கேட்டால் துக்கம் தணிந்து மீண்டும் வெடிப்பது போல் இருக்கும். பதிவான வரிசையில் கேட்டால் அது மெல்ல மெல்லத் தெளிந்து, ஒன்பது நிமிடத்தை நெருங்கும் 'ஆம்புலன்ஸ் ப்ளூஸ்' பாடலில் தனிக்கிதாராகவும் மவுத் ஆர்கனாகவும் வயலினாகவும் வடிவதைக் கேட்கலாம். 'டுநைட்ஸ் தி நைட்' ஆல்பத்தில் அவர் குரல் சுருதியை விட்டு விலகும் இடங்கள் பல உண்டு. சுருதி சுத்தத்தை உயிராகக் கருதும் ஊரில் இதை எப்படி ஏற்பது என்று எங்கள் குழுவில் ஒரு மாலை முழுவதும் விவாதித்தோம். இழவு வீட்டில் ஒப்பாரி வைப்பவரிடம் சுருதிப்பெட்டியை நீட்டுவோமா என்று ஒரு பெண்மணி கேட்டார். எனக்கு அதைவிடச் சரியான பதில் இதுவரை கிடைக்கவில்லை.

நான்காம் வாரம் 1975 முதல் 1979 வரை. 'கோர்டெஸ் தி கில்லர்' பாடலில் மூன்று நிமிடத்துக்கு மேல் கிதார் மட்டுமே ஒலித்த பிறகு குரல் வருகிறது. அந்த மூன்று நிமிடத்தை முன்னிசை என்று எண்ணிக் காத்திருக்காமல் ஆலாபனையாகக் கேளுங்கள். அஸ்டெக் பேரரசை வீழ்த்திய ஸ்பானியப் படைத்தலைவனைப் பற்றிய பாடல் அது. 'பவுடர்ஃபிங்கர்' ஆற்றில் வரும் துப்பாக்கிப் படகை எதிர்கொண்டு சாகும் ஓர் இளைஞனே கதையைச் சொல்லும் பாடல். தனிக்கிதாரில் 'ஹிட்ச்ஹைக்கர்' ஆல்பத்திலும், கிரேசி ஹார்ஸோடு 'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்' ஆல்பத்திலும் இருப்பதால் பாடாந்தரக் குறிப்பு கட்டாயம்.

ஐந்தாம் வாரத்துக்குரிய எண்பதுகளைப் பலர் ஒரே மூச்சில் ஒதுக்கிவிடுவார்கள். அந்தக் காலத்தில் அவர் ஆல்பத்துக்கு ஆல்பம் பாணி மாற்றியதால், அவருக்குரிய இசையை அவர் தரவில்லை என்று அவருடைய ஆல்பங்களை வெளியிட்ட இசைத்தட்டு நிறுவனமான கெஃபனே 1983-இல் வழக்குத் தொடர்ந்தது. 1982-இன் 'டிரான்ஸ்' ஆல்பத்தில் குரலை எந்திரக் குரலாக்கும் வோகோடர் வழியே பாடியிருப்பதைக் கேட்டு ரசிகர்கள் திகைத்தனர். பெருமூளை வாதத்தோடு பிறந்து பேச இயலாத தம் மகனோடு உரையாட முயன்ற ஒரு தந்தையின் அனுபவம் அதன் பின்னால் இருந்தது என்பதை அறிந்தபின் 'டிரான்ஸ்ஃபார்மர் மேன்' வேறு பாடலாகிவிடுகிறது. 'அன்ப்ளக்டு' பதிவில் எந்திரம் இல்லாமல் அதையே பாடியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

ஆறாம் வாரம் 1989 முதல் இன்றுவரை. 'ஹார்வெஸ்ட் மூன்' 1992-இல் வந்தது. இருபது ஆண்டுக்கு முன் 'ஹார்ட் ஆஃப் கோல்டு' பாடலுக்குப் பின்குரல் கொடுத்த லிண்டா ரான்ஸ்டட்டும் ஜேம்ஸ் டெய்லரும் இந்த ஆல்பத்திலும் பாடியிருக்கிறார்கள். அதன் தலைப்புப் பாடலை நல்ல ஹெட்போனில் கேட்டால் தாளத்தோடு சேர்ந்து ஒரு மெல்லிய உரசல் ஒலி வரும். விளக்குமாற்றால் தரையைப் பெருக்கும் ஒலி அது. 2012-இன் 'சைக்கடெலிக் பில்' ஆல்பத்தில் இருபத்தேழு நிமிடம் நீளும் 'டிரிஃப்டின் பேக்' பாடலை யாராவது முன்மொழிந்தால் தயங்காமல் சேருங்கள், ஆனால் அந்த வாரப் பட்டியலில் இரண்டு பாடல்களைக் குறைத்துவிடுங்கள்.

நான்காம் படி: அட்டைகளைக் கொண்டு தனிப்பட்டியல் போடுதல்

சார்ட் பேப்பரை விசிட்டிங் கார்டு அளவில் வெட்டி, ஒரு பாடலுக்கு ஓர் அட்டை எழுதிக்கொள்ளுங்கள். கணினியில் செய்வதைவிடத் தரையில் அட்டைகளைப் பரப்பிச் செய்வது மனத்துக்குத் தெளிவாக இருக்கிறது. மின்விசிறியை மட்டும் நிறுத்திவிட வேண்டும்.

முதலில் அறுபதையும் மூன்று குவியலாகப் பிரியுங்கள்: இது இல்லாமல் என் பட்டியல் இல்லை, இருந்தால் நல்லது, இப்போதைக்கு வேண்டாம். முதல் குவியலில் இருபதுக்குக் குறைவாக வந்தால் இரண்டாம் குவியலிலிருந்து நிரப்புங்கள். இந்த இருபதைத்தான் வரிசைப்படுத்த வேண்டும். ஒவ்வொரு பாடலையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டால் 190 ஒப்பீடுகள் ஆகும். பாதியில் களைப்பு வந்து, கடைசியில் போட்டவை எல்லாம் கண்மூடித்தனமாக இருக்கும். அதற்குப் பதில் பாதி பாதியாகப் பிரித்துச் செருகுங்கள். வரிசையில் ஏற்கெனவே பதினான்கு அட்டைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பதினைந்தாவது அட்டையை நடுவில் இருக்கும் அட்டையோடு ஒப்பிடுங்கள். மேலானது என்றால் மேற்பாதியின் நடுவோடு, இல்லையென்றால் கீழ்ப்பாதியின் நடுவோடு. நான்கு ஒப்பீடுகளுக்குள் அதன் இடம் கிடைத்துவிடும்.

ஒப்பிடும்போது கேட்க வேண்டிய கேள்வியை எல்லோரும் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். "எது முக்கியமான பாடல்" என்று ஒருவரும், "எது எனக்குப் பிடிக்கும்" என்று மற்றொருவரும் கேட்டுக்கொண்டால் அந்தப் பட்டியல்களைக் கூட்டவே முடியாது. நாங்கள் வைத்துக்கொண்ட கேள்வி: இன்றிரவு இந்த இரண்டில் ஒன்றைத்தான் கேட்க முடியும் என்றால் எதைக் கேட்பேன்? கச்சேரியில் துக்கடாவையும் ராகம் தானம் பல்லவியையும் ஒரே தராசில் நிறுக்க மாட்டோம் என்று சிலர் தடை எழுப்புவார்கள். இரண்டு நிமிடமே வரும் 'தி நீடில் அண்ட் தி டேமேஜ் டன்' பத்து நிமிடப் பாடலோடு போட்டியிடுவது நியாயமா என்பது அவர்கள் கேள்வி. இன்றிரவு என்ற கேள்வி நீளத்தையும் உள்ளடக்கிவிடுவதால், எங்கள் அனுபவத்தில் குறும்பாடல்கள் தோற்றுப்போகவில்லை.

ஐந்தாம் படி: எண்ணுதல்

ஏழு பேர் மூன்று பாடல்களுக்கு வாக்களிக்கிறார்கள் என்று கொள்வோம். மூவரின் வரிசை: கோர்டெஸ், பவுடர்ஃபிங்கர், ஆம்புலன்ஸ். இருவரின் வரிசை: பவுடர்ஃபிங்கர், ஆம்புலன்ஸ், கோர்டெஸ். மற்ற இருவரின் வரிசை: ஆம்புலன்ஸ், பவுடர்ஃபிங்கர், கோர்டெஸ்.

முதலிடங்களை மட்டும் எண்ணினால் கோர்டெஸ் மூன்று வாக்கோடு வெல்கிறது. முதலிடத்துக்கு 3, இரண்டாமிடத்துக்கு 2, மூன்றாமிடத்துக்கு 1 என்று மதிப்பெண் கொடுத்தால் பவுடர்ஃபிங்கர் 16 பெற்று முதலில் வருகிறது. மற்ற இரண்டும் 13. இரண்டிரண்டாக மோதவிட்டாலும் பவுடர்ஃபிங்கரே கோர்டெஸை நான்குக்கு மூன்றாகவும் ஆம்புலன்ஸை ஐந்துக்கு இரண்டாகவும் வெல்கிறது. அதே ஏழு பேர், அதே ரசனை. எண்ணும் முறை மாறியதும் வெற்றி பெறும் பாடல் மாறுகிறது. ஆகவே எந்த முறையில் எண்ணப் போகிறீர்கள் என்பதை அட்டைகள் திறக்கப்படுவதற்கு முன்பே எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டு முறையைத் தேர்ந்தெடுப்பது தவறு.

இருபது பாடல் பட்டியலுக்கு 20 முதல் 1 வரை மதிப்பெண் கொடுப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். முதலிடத்துக்குக் கூடுதல் எடை வேண்டும் என்று விரும்பும் குழுக்கள் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தின் 25, 18, 15, 12, 10, 8, 6, 4, 2, 1 என்ற அளவைப் பயன்படுத்தலாம். அதில் தீவிரமான காதல் அதிகம் வெகுமதி பெறும், எல்லோருக்கும் ஓரளவு பிடித்த பாடல் பின்வாங்கும். இரண்டுக்கும் நியாயம் உண்டு. எங்கள் குழு சிறியது என்பதால், ஒருவரின் தீவிரம் பட்டியலையே சாய்த்துவிடக் கூடாது என்று நேர் மதிப்பெண்ணில் நின்றோம்.

மதிப்பெண் சமமானால் அந்த இரண்டு பாடல்களையும் மட்டும் மோதவிடுங்கள். எத்தனை பேர் எதை மேலே வைத்தார்கள் என்று பார்த்தால் போதும்.

ஒருவர் ஆறு வாரக் கேட்பை முடிக்காமல் வந்தால்? அவர் பட்டியலைக் கூட்டாதீர்கள். விவாதத்தில் பேசட்டும், பாடல் கேட்கட்டும். இது கடுமையான விதிதான். ஆனால் கேட்காத பாடலுக்குப் பூஜ்யம் போடுவது அந்தப் பாடலுக்குச் செய்யும் அநீதி. முதல் முறை நாங்கள் செய்த பிழையும் அதுவே.

ஆறாம் படி: கூடும் நாள்

மார்கழியில் வைக்காதீர்கள், குழுவில் பாதிப் பேர் சபாக்களில் இருப்பார்கள். சித்திரை, வைகாசியில் மாடியின் தரை இரவு எட்டு மணிக்கும் சுடும். தை, மாசி மாத ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குத் தொடங்கினால் கடற்காற்று ஏறும் நேரத்தில் முதல் ஐந்து இடங்களுக்கு வந்துவிடலாம். அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும், பத்து மணிக்கு ஒலியை அடக்குவதும் மரியாதை.

ஒருவர் மட்டும் முடிவுகளை முன்பே கூட்டி வைத்திருக்க வேண்டும். அவர் விவாதத்தில் வாய் திறக்கக் கூடாது. இருபதாம் இடத்திலிருந்து மேல்நோக்கி அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு பாடலும் முழுமையாக ஒலிக்கட்டும். அதை மிக உயர்வாக வைத்தவர் மூன்று நிமிடமும், மிகத் தாழ்வாக வைத்தவர் மூன்று நிமிடமும் பேசட்டும். இந்த இரண்டு பேச்சுகளுக்காகத்தான் நான் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறேன்.

ஒரே அளவு உயர்வாக இருவர் வைத்திருந்தால் யார் பேசுவது? உத்திரமேரூரின் 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையையே கைக்கொண்டோம்: பெயர்களைச் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டு, வீட்டுக் குழந்தையைவிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. கல்வெட்டிலும் ஓலையை எடுப்பது ஒரு சிறுவன்தான்.

ஏழாம் படி: பாதுகாத்தல்

கூட்டுப் பட்டியலோடு ஒவ்வொருவரின் தனிப்பட்டியலையும் தேதியிட்டு ஓர் உறையில் போட்டு ஒட்டி வையுங்கள். அட்டையின் பின்புறம் அந்தப் பாடலுக்கு அந்த இடம் கொடுத்ததற்கான காரணத்தை இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள். நீல் யங்கே 1977-இல் 'டெக்கேட்' என்ற மூன்று இசைத்தட்டுத் தொகுப்பில் தம் முதல் பத்தாண்டுப் பாடல்களில் 35-ஐத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் தம் கையால் சிறுகுறிப்பு எழுதியிருக்கிறார். 'ஹார்ட் ஆஃப் கோல்டு' தம்மை நடுச்சாலைக்குக் கொண்டுபோய்விட்டது, அது சலித்துப்போய்ப் பள்ளத்தை நோக்கித் திரும்பினேன் என்ற புகழ்பெற்ற குறிப்பு அதில்தான் இருக்கிறது. உங்கள் பட்டியல் முடிந்த பிறகே அந்தத் தொகுப்பை எடுத்து ஒப்பிடுங்கள்.

எங்கள் குழுவில் ஒருவர் இரண்டாம் முறை 'ஓல்ட் மேன்' பாடலுக்குப் பதினேழாம் இடம் கொடுத்து, பின்புறம் "பாஞ்சோ நன்றாக இருக்கிறது" என்று மட்டும் எழுதியிருந்தார். தாம் வாங்கிய பண்ணையைப் பார்த்துக்கொண்ட முதியவரை நோக்கி, இருபத்து நான்கு வயது இளைஞனாக நீல் யங் எழுதிய பாடல் அது. மூன்றாம் முறை அதே நண்பர் அதை முதலிடத்தில் வைத்தார். பின்புறம், "அப்பாவைக் காலையில் நடக்க அழைத்துப் போகிறேன், என் நடை அவர் நடை போல ஆகிவிட்டது" என்று எழுதியிருந்தது. இரண்டு அட்டைகளையும் அவர் முன் அடுத்தடுத்து வைத்தோம். அவர் வெகுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது நிகழ வேண்டுமானால் இரண்டு தரவரிசைகளுக்கு இடையே மூன்று ஆண்டாவது இருக்க வேண்டும். பழைய அட்டைகளைத் திரும்பப் பயன்படுத்தாமல் ஒவ்வொரு முறையும் புதிதாக வெட்டி எழுதுங்கள். பழைய உறையைப் புதிய பட்டியல் அறிவிக்கப்பட்ட பிறகே, எல்லோர் முன்னிலையிலும் பிரியுங்கள்.